“இது அல்ட்ரா பிராசஸ்டா?” என்று கேட்கும் வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் என்ன சொல்லலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நடுத்தர அளவில் ஒரு சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக வாடிக்கையாளர்கள், அதிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் அம்மாக்கள், மொபைலில் ஏதாவது வீடியோ பார்த்துவிட்டு வந்து, பாக்கெட்டை நீட்டி “இது அல்ட்ரா பிராசஸ்டா?” என்று கேட்கிறார்கள். உங்களுக்கும் தெரியவில்லை, கடையில் வேலை செய்பவர்களுக்கும் தெரியவில்லை. எல்லாப் பொருளுக்கும் சிவப்பு, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமா, ஒட்டினால் வியாபாரம் படுத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரெட்டை எதில் சேர்ப்பது என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது. இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பொருளை விற்கிற ஆளே அந்தப் பொருளைப் பற்றி, பொய்யும் இல்லாமல் பயமுறுத்தலும் இல்லாமல், எந்த அளவுக்குப் பேசலாம்? நான் எழுதப்போவது பெரும்பாலும் அதைச் சுற்றித்தான்.

நான் உணவு அறிவியல் படித்து, சில வருடங்கள் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்துவிட்டு, அப்புறம் புதுச்சேரியில் உணவு ஆலோசகராக வந்தவள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் என்ன அச்சாக வேண்டும் என்று முடிவு செய்யும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதே பின்பக்கத்தை நோயாளிகளோடு சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டும் இருக்கிறேன். கடை நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. லாபக் கணக்கு பற்றி நான் சொல்வதை உங்கள் அனுபவத்தோடு உரசிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த அம்மாக்கள் கேட்பது எதைப் பற்றி என்று பார்க்கலாம். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மோன்டெய்ரோ என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் 2009-ல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்ததுதான் ‘நோவா’ என்ற வகைப்பாடு. அது உணவை அதன் சத்தைக் கொண்டு பிரிப்பதில்லை, எவ்வளவு தூரம் உருமாற்றப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு பிரிக்கிறது. உங்கள் கடைச் சரக்கிலேயே சொல்கிறேன். அரிசி, பருப்பு, ரவை, கோதுமை மாவு, முட்டை, ஆவின் அல்லது பான்லே பால் பாக்கெட், சாதாரணத் தயிர், உறைய வைத்த பட்டாணி எல்லாம் முதல் வகை. எண்ணெய், உப்பு, சர்க்கரை, வெல்லம் போலச் சமையலுக்குத் துணையாக வருபவை இரண்டாவது. முதல் வகையில் இரண்டாவதைச் சேர்த்து, கெடாமலும் ருசியாகவும் இருக்கச் செய்பவை மூன்றாவது: கருவாடு, பன்னீர், உப்பு போட்டு வறுத்த பண்ருட்டி முந்திரி. நான்காவதுதான் அல்ட்ரா பிராசஸ்டு. மக்காச்சோளம், கோதுமை, சோயா, எண்ணெய்ப்பனை போன்ற விளைபொருட்களை மாவுச்சத்து, புரதம், எண்ணெய், சர்க்கரைப் பாகு என்று தொழிற்சாலையில் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, மறுபடி ஒன்றாகச் சேர்த்து, மணம், நிறம், மென்மை எல்லாவற்றையும் வெளியிலிருந்து ஏற்றிச் செய்வது. குளிர்பானம், கிரீம் பிஸ்கட், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், மணமூட்டிய சிப்ஸ், பெரும்பாலான ஐஸ்கிரீம், மால்ட் பானப் பொடி ஆகியவை இதில் வரும்.

இங்கே வருகிற பெரிய குழப்பம் ஒன்று. பாக்கெட்டில் வந்தாலே அல்ட்ரா பிராசஸ்டு, சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியில்லை. பாலைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கவரில் அடைப்பதால் அது நான்காம் வகை ஆகிவிடாது. அரிசி, உளுந்து, உப்பு மட்டும் போட்டு அரைத்த இட்லி மாவு பாக்கெட்டும் ஆகாது. மறுபக்கம், கண்ணாடி ஜாடியில் இருக்கும் கிரீம் பன், வர்க்கி, ரஸ்க் போன்றவற்றில் பேக்கரிக் கொழுப்பு, எசன்ஸ், கலர் எல்லாம் இருக்கலாம். லேபிளே இல்லாததால் யாருக்கும் தெரியாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அல்ட்ரா பிராசஸ்டு இல்லை என்பதாலேயே ஒரு பொருள் அளவில்லாமல் சாப்பிடக்கூடியது ஆகிவிடாது. வீட்டு முறுக்கும் மைசூர்பாகும் நான்காம் வகையில் வராது. ஆனால் எண்ணெயும் சர்க்கரையும் உப்பும் அவற்றில் குறைவா என்ன?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? உணவுப் பொருட்களில் கலந்தவற்றை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டில் சட்டம். முதல் மூன்று பெயர்களிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும். ‘மல்ட்டிகிரெய்ன்’ என்று முன்பக்கம் பெரிதாகப் போட்ட பிஸ்கட்டில் முதல் பெயர் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது பாமாயில் என்று இருந்தால், கம்பும் கேழ்வரகும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று அந்த வரிசையே சொல்லிவிடும். அடுத்து, நம் அடுப்படியில் இல்லாத பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்: மால்ட்டோடெக்ஸ்ட்ரின், லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு, சோயா புரோட்டீன் ஐசலேட். மூன்றாவதாக, ருசியையும் தோற்றத்தையும் உண்டாக்கச் சேர்க்கும் மணமூட்டி, சுவைகூட்டி, நிறமி, குழம்பாக்கி (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கச் செய்வது), செயற்கை இனிப்பு. இவை பெரும்பாலும் ஐஎன்எஸ் எண்ணாக, அதாவது உணவில் சேர்க்கும் பொருட்களுக்கு உலக அளவில் கொடுத்த எண்ணாக வரும். 621, 627, 631 சுவைகூட்டிகள், 102, 110 மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள், 471 குழம்பாக்கி, 951, 955 செயற்கை இனிப்புகள்.

ஆனால் எண்ணைப் பார்த்தாலே பயப்பட வேண்டியதில்லை என்பதையும் உங்கள் ஊழியர்களுக்குச் சொல்லிவையுங்கள். 330 என்பது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பது. 500 என்பது நாம் ஆப்பத்துக்குப் போடும் சோடா. கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருளை மட்டும் வைத்து எதையும் நான்காம் வகையில் தள்ளிவிட முடியாது. வீடியோக்களில் எண்களை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றும் விஷம் என்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட அளவில் சேர்க்கும் இந்தப் பொருட்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆபத்து என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அவை இருப்பது, இந்தப் பொருள் எப்படி உருவானது என்பதற்கு அடையாளம். அந்த அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

உங்கள் கடையில் நிற்கிறவருக்கு உண்மையான தடை எதுவென்று கேட்டால், அந்தப் பின்பக்கத்தைப் படிக்கவே முடியவில்லை என்பேன். லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி. தமிழில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி. பி.ஏ. படித்த பெண்கூட என் முன்னால் உட்கார்ந்து, ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளவர்’ என்பது மைதா என்று தெரியாமல், கோதுமைதானே என்று நிம்மதியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மைதாவைக் கோதுமை மாவு என்று நினைக்க வைக்கிற அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாலே பல வீடுகளில் வாங்கும் பழக்கம் மாறிவிடுகிறது. கடைக்காரராக உங்களால் செய்யக்கூடிய, யாரும் குறை சொல்ல முடியாத வேலை இதுதான்: லேபிளில் ஏற்கெனவே இருப்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், பொருள் இருக்கும் இடத்திலேயே எழுதி வைப்பது. உங்கள் சொந்தக் கருத்து ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

மிட்டாய், சிறிய சாஷே போன்றவற்றில் ஒரு சிக்கல் உண்டு. மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சின்னப் பாக்கெட்டுகளில் கலந்த பொருட்களின் பட்டியல் போட வேண்டியதில்லை. அது அடங்கி வரும் பெரிய பெட்டியில் இருந்தால் போதும். அந்தப் பெட்டியை உடைப்பது நீங்கள், பார்ப்பதும் நீங்கள் மட்டும்தான். வாங்கும் பிள்ளைக்கும் அதன் அம்மாவுக்கும் அது கண்ணில் படவே படாது. பெட்டியின் அந்தப் பக்கத்தை வெட்டி ஜாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாலே பெரிய உபகாரம்.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விவரம் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் வந்து மடக்கினால் நீங்கள் தடுமாறக்கூடாது. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அல்ட்ரா பிராசஸ்டு உணவும் இரண்டு வாரம் அப்படி இல்லாத உணவும் கொடுத்தது. பரிமாறிய தட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறத்தாழ ஒன்றே; எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். அல்ட்ரா பிராசஸ்டு வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடை ஏறத்தாழ ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. ஆட்கள் கொஞ்சம், நாட்களும் கொஞ்சம், ஆனால் சோதனை கட்டுப்பாடாக நடந்தது. மெல்ல வேண்டிய வேலை குறைவு, வேகமாக உள்ளே போய்விடுகிறது என்பது ஒரு விளக்கம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

2024-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய தொகுப்பாய்வு, ஏறக்குறைய ஒரு கோடிப் பேரின் தரவுகளை உள்ளடக்கியது. இந்த உணவை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய், இரண்டாம் வகை நீரிழிவு, மனச்சோர்வு எல்லாம் கூடுதலாக இருப்பதை அது காட்டியது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆட்களைக் கவனித்து எழுதிய ஆய்வுகள். அவர்களின் வருமானம், தூக்கம், புகைப்பழக்கம் ஆகியவற்றின் பங்கை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. நான்காம் வகையில் உள்ள எல்லாமே ஒரே அளவு கெடுதல் என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் 2023-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், இனிப்பு பானங்களும் இறைச்சிப் பண்டங்களும் நோயோடு சேர்ந்து வந்தன. பிரெட், தானிய உணவுகளில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. எதை முதலில் தொடுவது என்ற கேள்வி வரும்போது இது உங்களுக்கு உதவும்.

நம் பக்கத்து நிலவரத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2023-ல் வெளியான, நாடு முழுவதும் நீரிழிவைக் கணக்கெடுத்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம். இதற்குக் காரணம் பிஸ்கட் பாக்கெட் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-ல் வந்த கட்டுரை, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து வகையிலிருந்து வருகிறது என்றும், அதில் வெள்ளை அரிசி, அரைத்த மாவு, சேர்த்த சர்க்கரை ஆகியவற்றின் பங்கு பெரிது என்றும் சொல்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரின் பிரச்சினை தட்டு நிறையச் சோறு, நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட டீ. உங்கள் கடையில் மூட்டை மூட்டையாகப் போகும் பொன்னி அரிசி நோவா கணக்கில் முதல் வகைதான்.

ஸ்டிக்கர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். நோவா கணக்கில் ஒட்டினால் அரிசி மூட்டைக்கும் மைதாவுக்கும் பச்சை விழும். நெல்லிக்குப்பம் ஆலைச் சர்க்கரைக்குச் சிவப்பு விழாது. நீரிழிவுள்ள ஒருவர் அந்தப் பச்சையை நம்பி வாங்கிப் போனால் அது உங்கள் மனசாட்சியைத்தான் உறுத்தும். இரண்டாவது காரணம், எல்லைக்கோட்டுப் பொருட்கள். பாட்டில் ஊறுகாய், மசாலாப் பொடி, சத்தேற்றிய மாவு போன்றவற்றை எதில் சேர்ப்பது என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. மூன்றாவது, சட்டம். இந்தியாவில் அல்ட்ரா பிராசஸ்டு என்பதற்குச் சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை. பாக்கெட்டின் முன்பக்கம் நட்சத்திரம் போடும் முறைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வரைவு வெளியிட்டது. பெரிய எதிர்ப்பு வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த முன்பக்க எச்சரிக்கை விஷயத்தை விரைவாக முடிக்கச் சொன்னது. அரசே தீர்மானிக்காத ஒன்றை நீங்கள் ஒரு கம்பெனியின் பாக்கெட் மேல் ஒட்டினால், விநியோகஸ்தரோடு தகராறு வரும், பதில் சொல்ல உங்கள் கையில் ஆதாரம் இருக்காது. அதற்குப் பதில் லேபிளில் உள்ள சத்து அளவின் எண்ணை எழுதினால் யாரும் சண்டைக்கு வர முடியாது. அது அவர்களே அச்சடித்தது.

எந்த எண்ணை எழுதுவது? பானங்களுக்குச் சர்க்கரை, நூடுல்ஸ், சிப்ஸ், சூப் பாக்கெட்டுகளுக்கு உப்பு. இரண்டும் போதும். கிராமில் எழுதினால் யாருக்கும் மனதில் நிற்காது, டீஸ்பூனில் எழுதுங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரையை 5 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டிலில் 100 மில்லிக்கு 10 கிராம் என்று போட்டிருந்தால் 250 மில்லியில் 25 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன். பெரியவர் ஒருவர் நாள் முழுவதற்கும் அதற்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே கிட்டத்தட்ட அதுதான். உப்புக்கு வருவோம். லேபிளில் சோடியம் என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு, நாளுக்கு 5 கிராமுக்குள் என்ற வரம்பில் பாதி. ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள்: எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று. பரிமாறல் என்று சின்னதாக ஒரு அளவைப் போட்டு எண்ணைச் சிறிதாகக் காட்டுவது வழக்கமாக நடப்பது. யாரும் பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சாப்பிட்டுவிட்டு மூடி வைப்பதில்லை. முழுப் பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டு எழுதுங்கள்.

எழுதுவதைவிட வலுவானது அடுக்குவது. எதை எங்கே வைக்கிறீர்கள் என்பது நூறு சுவரொட்டிக்குச் சமம். பிரிட்டனில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் சில, பில் போடும் இடத்திலிருந்து மிட்டாய், சாக்லேட், சிப்ஸை எடுத்தபோது என்ன ஆனது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில், அப்படிப்பட்ட சிறிய பாக்கெட்டுகளின் விற்பனை உடனடியாக 17 சதவீதம் குறைந்திருந்தது. பின்னர் 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் பெரிய கடைகளின் வாசல், வரிசை முனை, பில் மேடை ஆகிய இடங்களில் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த சில வகைப் பண்டங்களை வைக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அந்த ஊர்க் கடை வேறு, உங்கள் கடை வேறு. ஆனால் பில் போட நிற்கும்போது குழந்தையின் கண்ணுக்கு நேரே சாக்லேட் இருப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வாசலில் சரம் சரமாகச் சிப்ஸ் தொங்குவது நம் கடைகளுக்கே உரியது.

அந்த இடங்களுக்குக் கம்பெனிக்காரர்கள் ஏதாவது தருவார்கள் என்பது எனக்கும் தெரியும். குளிர்பானப் பெட்டியே அவர்கள் கொடுத்ததாக இருக்கும், அதில் மற்றவர் சரக்கு வைக்கக் கூடாது என்ற பேச்சும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. பில் மேடை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொட்டுக்கடலை, சின்னப் பாக்கெட்டில் பண்ருட்டி முந்திரி, பேரீச்சம்பழம், வாழைப்பழம் வையுங்கள். கடலை மிட்டாயில் வெல்லம் நிறைய என்பது உண்மைதான். அதைச் சத்துணவு என்று போர்டு எழுத வேண்டாம். சும்மா வைத்தால் போதும். பானப் பகுதியிலும் அப்படியே. மோர், இளநீர், சோடா எலுமிச்சை இருந்தால் கண் மட்டத்தில் வையுங்கள், கோலா கீழ்த்தட்டில் இருக்கட்டும். எங்கள் தெருவில் ஒரு கடையில் நூடுல்ஸ் அடுக்குக்குப் பக்கத்திலேயே சேமியாவையும் அவலையும் கொண்டுவந்து வைத்தார்கள். பத்து நிமிடத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்து நிற்கிறவருக்கு அந்த நேரத்தில் அது கண்ணில் படுவதே பெரிய உதவி.

விற்பனை என்ன ஆகும் என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் ஹன்னஃபோர்டு என்ற கடைத்தொடர் 2006-ல் சத்தான பொருட்களின் விலைச்சீட்டுப் பக்கத்தில் நட்சத்திரம் போட ஆரம்பித்தது. நட்சத்திரம் வாங்கிய பொருட்களின் பங்கு மெல்லக் கூடியது. சிலி நாட்டில் 2016-ல் பாக்கெட்டின் முன்பக்கம் கறுப்பு எச்சரிக்கைச் சின்னம் கட்டாயமானதும், அப்படிச் சின்னம் வாங்கிய பானங்களின் கொள்முதல் ஏறத்தாழ கால்வாசி குறைந்ததாக ஆய்வு சொன்னது. அங்கே விளம்பரக் கட்டுப்பாடும் சேர்ந்து வந்தது. இவை சத்தை வைத்துப் போட்ட குறிகள், பதப்படுத்தலை வைத்து அல்ல. கடலூரில் ஒரு நடுத்தரக் கடைக்கு இவற்றை அப்படியே பொருத்தி லாபம் நஷ்டம் சொல்ல என்னால் முடியாது. நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான்: நோயாளிகளில் பலர் ‘அந்தக் கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார்’ என்பதற்காகவே அதே கடைக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

உங்கள் ஊழியர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். யாராவது “தம்பி, இது பிள்ளைங்களுக்கு நல்லதா?” என்று கேட்டால், நல்லது கெட்டது சொல்லாமல் பாக்கெட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். “அக்கா, முதல்ல மைதா போட்டிருக்கு, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில். இந்தப் பக்கம் இருக்கறதுல கேழ்வரகு மாவு முதல்ல இருக்கு, ஆனா சர்க்கரை இதுலயும் இருக்கு. பாத்துக்கோங்க.” இவ்வளவு போதும். சர்க்கரை நோய்க்கு எது சாப்பிடலாம் என்று கேட்டால் மட்டும், “அதை டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்கம்மா” என்று நிறுத்திவிட வேண்டும். ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்டைக் கடைப் பையன் பரிந்துரைத்தான் என்று நாளுக்கு ஒரு பாக்கெட் தீர்க்கிற பெரியவர்கள் என்னிடம் வருகிறார்கள். சர்க்கரைக்குப் பதில் வேறு இனிப்பு; மைதாவும் எண்ணெயும் அப்படியே. சுகர் ஏறுவதைப் பார்த்து, மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கடையில் தொங்கும் பெயர்ப் பலகைகளையும் ஒரு முறை பாருங்கள். மால்ட் பானப் பொடிகள் இருக்கும் இடத்தில் ‘ஹெல்த் டிரிங்க்ஸ்’ என்று எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை என்று சொல்லி, 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகள் அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை நீக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடமிருந்து அறிவுறுத்தல் வந்தது. உங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும் நியாயம் ஒன்றுதான். அதே ஆண்டு ஜூனில், அடர்கரைசலில் தண்ணீர் சேர்த்துச் செய்த பழச்சாற்றில் ‘100 சதவீதம்’ என்று போடக் கூடாது என்றார்கள். 2025 அக்டோபரில், உண்மையான ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் கரைசல்) அல்லாத இனிப்பு பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தவும் தடை வந்தது. இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு ஓஆர்எஸ் என்று நினைத்து இனிப்பு பானம் வாங்கிக் கொடுத்தால் போக்கு கூடும். உலக சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். பழைய சரக்கு ஏதாவது தங்கியிருந்தால் அலமாரியிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். எனர்ஜி டிரிங்க் டப்பாக்களில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உகந்ததல்ல என்று அச்சிட்டிருக்கும். சீருடையில் வரும் பிள்ளைக்கு அதை விற்காமல் இருக்க உங்களுக்கு எந்த ஸ்டிக்கரும் வேண்டியதில்லை.

யாருக்காக இதையெல்லாம் செய்கிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு எட்டு மணிக்கு மேல் வந்து நூடுல்ஸ் பாக்கெட் எடுக்கிற பெண்ணுக்கும், விடியற்காலையில் மீன் எடுக்கக் கிளம்பும் முன் பிள்ளைகளுக்குப் பன்னும் டீயும் வைத்துவிட்டுப் போகிற தேவனாம்பட்டினத்து அம்மாவுக்கும் அந்தப் பாக்கெட் பசிக்கு வழி. அவர்கள் கூச்சப்பட்டுப் பாக்கெட்டைத் திரும்ப வைக்கும்படி எந்த வாசகமும் உங்கள் கடையில் இருக்கக் கூடாது. “நூடுல்ஸோட ஒரு முட்டையும் கொஞ்சம் கேரட்டும் போட்டுக்கோங்க, மசாலா பாக்கெட்டுல பாதி போதும்” என்று சொல்ல முடியும். உப்பின் பெரும்பகுதி அந்த மசாலாவில்தான் இருக்கிறது. வாங்குவதை நிறுத்தச் சொல்வதைவிட இந்த யோசனை அவர்களுக்குப் பயன்படும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்றால், பானங்களும் மால்ட் பொடியும் என்பேன். ஆதாரம் வலுவாக இருப்பது இனிப்பு பானங்களில்தான். மால்ட் பொடியைத் தினமும் பாலில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். பொடிகளுக்கு ‘சேர்த்த சர்க்கரை’ என்ற எண்ணைத் தேடி எழுதுங்கள். மொத்தச் சர்க்கரைக்கு அடியில் தனியாகப் போட்டிருப்பார்கள். பிஸ்கட் பிறகு. சிப்ஸ், மிக்சர் அதற்கும் பிறகு. அதற்குள் வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார், எதைக் கண்டுகொள்ளவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக பிரெட். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் போட்டுச் சுட்டால் நோவாவில் அது மூன்றாம் வகை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து வருகிற நீள ரொட்டியை இன்னும் அப்படியே சுடுகிற பேக்கரிகள் இருக்கின்றன. மறுநாளே காய்ந்து கட்டையாகிவிடும், அதுவே அதன் லட்சணம். ஒரு வாரம் பஞ்சு மாதிரி இருக்கும் ஸ்லைஸ் பிரெட்டில் பெரும்பாலும் குழம்பாக்கியும் மாவைப் பதப்படுத்தும் பொருட்களும் இருக்கும், அது நான்காம் வகை. அதற்காக அதை அபாயம் என்று சொல்ல ஆதாரம் போதாது. மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வை நினைவில் வையுங்கள். ‘பிரவுன் பிரெட்’ என்றால் மட்டும் பட்டியலைப் பாருங்கள், முதலில் மைதாவும் கடைசியில் 150 என்ற கேரமல் நிறமும் இருந்தால் அந்தப் பழுப்பு தவிட்டிலிருந்து வந்ததல்ல. உள்ளூர் பேக்கரியிலிருந்து கவர் லேபிள் இல்லாமல் வருகிற பன், ரஸ்க், பிரெட்டுக்கு, என்னென்ன போடுகிறார் என்று அந்த பேக்கரிக்காரரிடம் எழுதி வாங்கி, தட்டுக்கு முன்னால் தமிழில் ஒட்டிவிடுங்கள். எழுதித் தர மறுத்தால், எழுதித் தருகிற இன்னொரு பேக்கரியைத் தேடிப் பாருங்கள்.